குட்டி விற்பனைக்கு: தாய் யார், ஓட்டம் என்ன?

வண்டிப் பந்தயக் குதிரைக்குட்டிகளின் விற்பனைப் பட்டியலைப் போல விறுவிறுப்பான வாசிப்பு வேறு எதுவும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் லெக்சிங்டன், ஹாரிஸ்பர்க் என்ற இரண்டு ஊர்களில் அக்டோபர், நவம்பர் வந்தால் ஒரு வயதுக் குட்டிகள் ஏலத்துக்கு வரும். ஒவ்வொரு குட்டிக்கும் முழுசாக ஒரு பக்கம். மேலே குட்டியின் பெயர், நிறம், பிறந்த நாள். அடுத்து தகப்பன், தகப்பனுக்குத் தகப்பன், தாய், தாய்க்குத் தகப்பன் என்று கிளை விட்டுப் போகும் வம்சம். அதற்கும் கீழேதான் விருந்து! முதல் தாய், இரண்டாம் தாய், மூன்றாம் தாய் என்று அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருத்தியும் போட்ட குட்டிகள் எவை, அவற்றில் ஓடியவை எவை, எந்த வயசில் ஒரு மைலை எத்தனை நொடியில் கடந்தன, எத்தனை டாலர் சம்பாதித்தன, எல்லாம் அந்த ஒரே பக்கத்தில். குட்டி இன்னும் ஒரு பந்தயம்கூட ஓடவில்லை. ஆனால் அதன் ரத்தத்தில் ஓடிய அத்தனை பேரும் அங்கே ஆஜர்.

முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அந்த வரிகள் ரயில் டிக்கெட்டில் அச்சடித்த குறியீடு மாதிரி தெரியும். பழகிவிட்டால் விடவே மாட்டீர்கள். ஒரு வரியைப் பிரித்துக் காட்டுகிறேன்: பி, 4, 1:45.4. ‘பி’ என்றால் பேஸர், அதாவது ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்து வீசி ஓடும் குதிரை. 4 என்பது அந்த வேகத்தை எடுத்த வயசு. 1:45.4 என்பது ஒரு மைலுக்கு ஆன நேரம். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது பத்தில் பங்கு அல்ல, ஐந்தில் பங்கு. ஆக, ஒரு நிமிஷம் நாற்பத்தைந்தே முக்காலே சொச்சம் நொடி. இது கற்பனை வரி அல்ல. புல்டாக் ஹானோவர் என்ற குதிரை 2022 ஜூலையில் நியூ ஜெர்சியின் மெடோலேண்ட்ஸ் களத்தில் எடுத்த நேரம். தகப்பன் ஷேடோ ப்ளே, தாய் பிஜேஸ் ஸ்குவால். கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர்! பின்னால் வண்டி, வண்டியில் ஆள், இருந்தும் ஒரு தடவைகூடப் பாய்ச்சலுக்கு மாறாமல் அந்த வேகம். எங்கள் கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் லோடு ஏற்றிய லாரி போகும் வேகத்தைவிட அது அதிகம் என்று நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

பாய்ச்சலுக்கு மாறாமல் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கிண்டியில் ஜாக்கி முதுகில் ஏறி ஓட்டுவது நாலுகால் பாய்ச்சல். வண்டிப் பந்தயத்தில் அது கூடாது. ஒன்று டிராட், குறுக்குக்கால் ஓட்டம்: வலது முன்காலும் இடது பின்காலும் ஒன்றாகப் போகும். மற்றொன்று மேலே சொன்ன பேஸ். ஓடும்போது குதிரை நிலை தவறிப் பாய ஆரம்பித்தால் சாரதி கடிவாளத்தை இழுத்து மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் பந்தயம் கைவிட்டுப் போயிருக்கும். எத்தனை வேகம் வந்தாலும் நிதானம் இழக்காத கால்கள், இதைத்தான் இருநூறு வருஷத்துக்கும் மேலாகத் தாய், தகப்பன் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள்.

அந்த இனத்தின் பெயர் ஸ்டாண்டர்ட்பிரட். 1879-ல் அமெரிக்க வளர்ப்பாளர்கள் ஒரு அளவுகோல் வைத்தார்கள். ஒரு மைலை 2 நிமிஷம் 30 நொடிக்குள் ஓட வேண்டும், அல்லது அப்படி ஓடியதன் வாரிசாக இருக்க வேண்டும். நிறம், உயரம், நெற்றிச் சுட்டி எதுவும் கேட்கவில்லை. ஓட்டம்தான் குலம்! உலகத்தில் இதைவிட நியாயமான ஜாதகம் எனக்குத் தெரிந்து கிடையாது. அந்த 2:30 என்ற கோட்டை டிராட்டில் முதலில் தாண்டியவள் ஒரு சாம்பல் நிறப் பெண் குதிரை, லேடி சஃபோக். 1845-ல் 2:29½. சின்ன வயசில் சிப்பி விற்கும் வண்டியை இழுத்துக்கொண்டிருந்தவள் அவள். பிறகு 1906-ல் டான் பேட்ச் 1:55-க்கு வந்தது. பிறக்கும்போதே ஒரு கால் கோணலாக இருந்த குதிரை அது. அங்கிருந்து 1:45.4-க்கு வர 116 வருஷம். ஒன்பது நொடிச் சொச்சம் குறைக்க அத்தனை தலைமுறைத் தாய்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ஆலையில். செகண்ட் ஷிஃப்டில் டீ நேரத்துக்குப் போனை எடுத்தால் பட்டியல் பக்கம்தான் திறப்பேன். எங்கள் ஆலையில் பாதிப்பேர் வடக்கத்தியர். அவர்களில் ஒருவர் பீகாரில் சாரண் மாவட்டத்துக்காரர். கங்கையும் கண்டகியும் கூடும் சோன்பூரில் கார்த்திகைப் பௌர்ணமிக்குக் கூடுகிற பெரிய கால்நடைச் சந்தை அவர் ஊருக்குப் பக்கம். நான் ஒரு குட்டியின் படத்தைக் காட்டி “எப்படி இருக்கு?” என்றேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. “அண்ணா, இதோட அம்மா யாரு?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நாங்கள் இரண்டு பேரும் உறவாகிவிட்டோம்! அவர் ஊரில் எக்கா வண்டிக்குக் குதிரை தேடும்போது தகப்பன் பெயர் கேட்பதற்கு முன் தாயைக் கொட்டிலில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்களாம். நம் ஊரிலும் சொல்வார்களே, தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை என்று. அதைச் சொல்லி அர்த்தம் விளக்கினேன். தொடையில் தட்டிச் சிரித்தார்.

ஏன் தாய்க்கு இத்தனை மரியாதை? நன்றாக ஓடிய ஆண் குதிரைக்கு ஒரே வருஷத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிகள் பிறந்துவிடும். தாய் பதினொரு மாசம் சுமந்து வருஷத்துக்கு ஒன்று போடுவாள். அதனால் குதிரைக் கணக்கில் அண்ணன் தம்பி என்றால் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை மட்டும்தான். தகப்பன் ஒன்றாக இருந்து தாய் வேறாக இருந்தால் அதை உறவாகவே எழுத மாட்டார்கள். ஆகவே பட்டியல் பக்கத்தில் முதல் தாய்க்குக் கீழே நாலு குட்டி இருந்து, நாலும் ஓடி, நாலும் இரண்டு நிமிஷத்துக்குள் முடித்திருந்தால் ஏலக் கூடாரமே நிமிர்ந்து உட்காரும். அங்கே முதல் தாய் வெறுமையாக இருந்து, மூன்றாம் தாயிடம் மட்டும் புகழ் இருந்தால் அனுபவஸ்தர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். பழம்பெருமை பேசும் வீடு அது என்று அவர்களுக்குத் தெரியும்.

தாய் வரிசை என்றதும் எனக்கு உடனே ஹாம்பிள்டோனியன்தான் ஞாபகத்துக்கு வரும். 1849-ல் நியூயார்க் மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த ஆண் குட்டி. அதன் தாய்க்குப் பெயர்கூடக் கிடையாது. சார்லஸ் கென்ட் என்பவருடைய குதிரை என்று உடையவர் பெயரைச் சொல்லித்தான் வரலாற்றில் குறிக்கிறார்கள். கால் ஊனமான குதிரை. பண்ணையில் கூலிக்கு வேலை பார்த்த வில்லியம் ரிஸ்டிக் அந்தத் தாயையும் குட்டியையும் சேர்த்து 125 டாலருக்குத் தன் முதலாளியிடம் வாங்கினார். அந்தக் குட்டி வளர்ந்து 1,331 குட்டிகளுக்குத் தகப்பனானது. இன்றைக்கு ஓடுகிற ஸ்டாண்டர்ட்பிரட் குதிரைகள் ஏறக்குறைய அத்தனையும் அதன் வம்சம். அதற்கும் மேலே போனால் 1788-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் பிலடெல்பியா வந்து இறங்கிய மெசெஞ்சர் என்ற வெள்ளைச் சாம்பல் குதிரையில் போய் நிற்கும். ஒரு கூலியாள் 125 டாலர் புரட்டி வாங்கிய நொண்டித் தாயின் குட்டி! 1926-லிருந்து அந்தக் குட்டியின் பெயரிலேயே ஹாம்பிள்டோனியன் பந்தயம் நடக்கிறது, மூன்று வயசு டிராட்டர்களுக்கு. இப்போது ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை. நமக்கு அது ஆடி மாசம்.

அறிவியல்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2012-ல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெய்ஃப் ஆண்டர்சன் குழு ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஒரு மாற்றம்தான் குதிரையைப் பக்கக்கால் வீசி ஓடவும், வேகம் ஏறியும் பாய்ச்சலுக்கு மாறாமல் தாங்கவும் உதவுகிறது என்று கண்டார்கள். முதுகுத்தண்டுக்குள் இடது, வலது கால்களின் தாளத்தை இணைக்கும் நரம்புகளில் அந்த மரபணு வேலை செய்கிறது. வண்டிக்காரர்கள் இருநூறு வருஷமாகக் கண்ணால் பார்த்துப் பொறுக்கியது இதைத்தான்! குட்டி பிறந்த அன்றே அதன் காலுக்குள் தாய் கொடுத்த தாளம் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய சங்கதி!

இனி நம்ம ஊர் சங்கதிக்கு வருகிறேன், ஏனென்றால் என் பரவசத்தில் பெரிய பங்கு இங்கேதான் இருக்கிறது.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தையைப் பார்க்காதவர்கள் ஒரு தடவை போய்விட வேண்டும். திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடப்பதாகச் சொல்வார்கள். நான் கும்மிடிப்பூண்டி யூனிட் ரயிலில் சென்ட்ரல் வந்து, ஈரோடு வண்டி பிடித்து, பவானி வழியாகப் பஸ்ஸில் போய் இறங்குவேன். இறங்கியதுமே கொள்ளும் சாணமும் கலந்த வாசனை. காதுகள் உள்பக்கம் வளைந்து நுனியும் நுனியும் தொட்டுக்கொள்ளும் காத்தியவார் குதிரை, கழுத்தை வில்லாக வளைத்து நிற்கும் மார்வார் குதிரை, நாலு காலும் முகமும் வெளுத்த பஞ்சகல்யாணி, பால் வெள்ளையில் நொக்ரா, குட்டையாக ஆனால் கல்லுக்குண்டு போன்ற நாட்டு மட்டம். எல்லோரும் நாட்டியக் குதிரையைச் சுற்றி நிற்பார்கள். மேளத்துக்கு அது கால் மாற்றி ஆடும் அழகை நானும் ரசிப்பேன். ஆனால் என் கால் என்னை இழுத்துப்போவது ஓரத்தில் கட்டியிருக்கும் வண்டிக்குட்டிகளிடம்தான்.

அங்கே ஒரு குட்டியை நான் கிட்ட நின்று பார்த்தேன். செவலைப் பெண் குட்டி. விற்கிறவர் அதன் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கிக் காட்டினார். நடுவில் இரண்டு பல் மட்டும் அகலமாக, கொஞ்சம் மஞ்சள் பாய்ந்து முளைத்திருந்தன; பக்கத்தில் இருந்தவை சின்னச் சின்னப் பால் பற்கள். இரண்டு பல் போட்டாச்சு, ஆக இரண்டரை வயசு. மூன்றரையில் நாலு பல், நாலரையில் ஆறு. சான்றிதழ் பொய் சொன்னாலும் பல் பொய் சொல்லாது. வாங்க வந்த பெரியவர் குனிந்து முன்காலின் கணுவை விரலால் நீவிக்கொண்டே போனார். எங்காவது சூடு தட்டுகிறதா, வீக்கம் இருக்கிறதா என்று தேடும் விரல்கள். குளம்பைத் தூக்கி அடிப்பாகத்தைத் தட்டினார். நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி எல்லாம் பார்த்து முடித்து, “ஓட்டிக் காட்டுப்பா” என்றார். ஒரு பையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட, குட்டி பின்னாலேயே வந்தது. பெரியவர் அதன் முகத்தையும் பார்க்கவில்லை, வாலையும் பார்க்கவில்லை. பின்கால் குளம்பு முன்கால் பதிந்த தடத்தைத் தாண்டி விழுகிறதா என்று மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்தது! ஒரு சாண் தாண்டி விழுந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

அப்புறம்தான் என்னைச் சிலிர்க்க வைத்த பேச்சு. “தாய் எது?” என்றார் பெரியவர். விற்கிறவர் மூச்சுவிடாமல் சொன்னார்: தாய் டெல்டா பக்கத்துப் பந்தயத்தில் நடுக்குதிரைப் பிரிவில் ஓடியது, இரண்டு பொங்கலுக்குக் கொடி வாங்கியது, அதுக்கு முந்தின குட்டி இப்போது கரிச்சான் பிரிவில் ஓடுகிறது, தகப்பன் சிந்திக் கலப்பு, தாய்க்குத் தாய் ஜட்கா இழுத்தது. முதல் தாய், இரண்டாம் தாய், அண்ணன், தகப்பன்! லெக்சிங்டனில் வழுவழுத் தாளில் அச்சடித்துக் கொடுக்கும் பக்கம் அப்படியே அந்த மனுஷர் வாயில் இருந்தது. பிறகு இரண்டு பேரும் தோள் துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டு அதற்கு அடியில் விரல் பிடித்து விலை பேசினார்கள். எவ்வளவுக்கு முடிந்தது என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியாது; தெரியவும் கூடாது, அதுதான் சந்தை தர்மம். பெரியவர் முகத்தைப் பார்த்தால் நல்ல விலைக்கு முடிந்த மாதிரிதான் இருந்தது.

அவர் சொன்ன டெல்டா களத்தையும் பார்த்திருக்கிறேன். மயிலாடுதுறை மாவட்டம் திருக்கடையூரில் காணும் பொங்கலுக்கு எல்கைப் பந்தயம். திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடிப் பக்கம் போய்த் திரும்பும் சாலையில் மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் ஓடும். குதிரையில் கரிச்சான் குதிரை, நடுக்குதிரை, பெரிய குதிரை என்று உயரத்துக்கு ஏற்பப் பிரிவுகள். சாலை இரண்டு பக்கமும் ஜனம். தூரத்தில் விசில் சத்தம் கேட்கும், அப்புறம் தார்ச்சாலையில் லாடம் தட்டும் சத்தம், சேர்ந்தாற்போல இரண்டு ரேக்ளா வண்டிகள், சாரதி முன்னால் சாய்ந்து கிட்டத்தட்டக் குதிரையின் வாலோடு பேசிக்கொண்டு போவார். கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். நெஞ்சு அடங்க நேரமாகும்! அங்கிருந்து பூம்புகார் அதிக தூரமில்லை. அந்தத் துறைமுகத்தில் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பாண்டிய நாட்டுக்கு அரபுக் கரையிலிருந்து வருஷா வருஷம் குதிரைகள் வந்ததை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். மாணிக்கவாசகர் கதையே ஒரு குதிரைக் கொள்முதல் கதைதானே! திருவிளையாடல் புராணத்தில் இறைவனே குதிரைச் சேவகனாக வந்து மதுரை மன்னன் முன்னால் குதிரை இலக்கணம் சொல்கிறான். இரண்டாயிரம் வருஷமாகக் குதிரை வாங்கிய நாடு இது.

மறுநாள் பேப்பரில் அந்தப் பந்தய முடிவைத் தேடிப் படித்தேன். பெரிய குதிரைப் பிரிவில் முதல் பரிசு இன்ன ஊர் இன்னாருடைய குதிரை, இரண்டாம் பரிசு இன்ன ஊர் இன்னாருடையது. உரிமையாளர் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. குதிரையின் பெயர் இல்லை. நேரமும் இல்லை! ஓடியது யார்? அடுத்த வருஷம் அதே குதிரை கைமாறி வேறு ஊருக்குப் போனால் அதன் வெற்றி அதோடு போகாது, பழைய வீட்டிலேயே தங்கிவிடும். அதன் வயிற்றுக் குட்டி அந்தியூரில் விற்பனைக்கு நிற்கும்போது, விற்கிறவர் வாய்ச்சொல்லை விட்டால் வேறு ஆதாரமே கிடையாது. எனக்கு இது தாங்க முடியவில்லை. அத்தனை அருமையான ஓட்டம் அன்று மதியமே காற்றோடு போய்விடுகிறது.

இத்தனைக்கும் நேரம் எழுதத் தெரியாத ஊர் அல்ல இது. கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து மாட்டு ரேக்ளாவைப் போய்ப் பாருங்கள். 200 மீட்டர், 300 மீட்டர் என்று அளந்த களம், காங்கேயம் காளைகள், நொடியையும் நொடியின் பின்னத்தையும் காட்டும் மின்னணுக் கடிகாரம். ஒவ்வொரு ஜோடியாக விட்டு நேரம் குறிக்கிறார்கள். நல்ல நேரம் போட்ட காளையின் விலை அன்று சாயங்காலமே ஏறிவிடும். கொங்குக்காரர்கள் காளைக்குச் செய்ததை டெல்டாக்காரர்கள் குதிரைக்குச் செய்தால் போதும். எனக்கு வேறு ஆசையே இல்லை.

வம்சமும் ஓட்டக் கணக்கும் வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாட்டில் 1974-ல் ஒரு சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரியில் கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் குருட்டு அதிர்ஷ்டம் அல்ல, திறனே அதில் மேலோங்கி நிற்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. குதிரையின் பிறப்பு, பயிற்சி, அது இதுவரை ஓடிய விதம் எல்லாம் எடைபோட்டுப் பார்க்கக் கூடியவை என்பதுதான் அதன் அடிப்படை. பணம் கட்டுவதில் எனக்குத் துளியும் நாட்டமில்லை. குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தாய் பெயருக்கும் ஓடிய நேரத்துக்கும் நாட்டின் உச்ச நீதிமன்றமே கொடுத்த மதிப்பைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை.

கிண்டியில் ஓடும் தரோபிரட் குட்டி ஒவ்வொன்றுக்கும் மரபணு பார்த்துத் தாய், தகப்பனை உறுதி செய்து, கழுத்தில் மைக்ரோசிப் வைத்து, இந்திய ஸ்டட் புத்தகத்தில் பதிவு செய்கிறார்கள். மார்வார் குதிரைகளுக்கும் பதிவேடும் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டன. ஹரியானாவின் ஹிசாரில் குதிரைகளுக்கென்றே மத்திய அரசின் தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நம் நாட்டுக் குதிரை இனங்களைக் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. ரேக்ளாவில் ஓடும் கலப்புக் குதிரைக்குத்தான் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. லேடி சஃபோக் சிப்பி வண்டி இழுத்தவள் என்பதை மறந்துவிடாதீர்கள். அவள் ஓடிய நேரத்தை யாரோ ஒருவர் எழுதி வைத்ததால்தான் அவள் இன்றைக்கும் இருக்கிறாள்.

ஓட்டக் கணக்கு எழுதுவதில் குதிரைக்கு இன்னொரு நன்மையும் உண்டு, அதை நான் மிகவும் மதிக்கிறேன். அமெரிக்கப் பக்கத்தில் எந்த வயசில் எத்தனை தடவை ஓடியது என்பதும் இருக்கும். இரண்டு வயசில் இருபது பந்தயம், மூன்று வயசில் வெற்றிடம் என்று ஒரு குதிரையின் கணக்கு இருந்தால், பிஞ்சிலேயே அதை உடைத்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். அங்கே இரண்டு வயசிலேயே ஓட விடுகிறார்கள்; அது மட்டும் எனக்கு மனசு ஒப்பவில்லை. முன்காலின் மேலெலும்பில் வளர்தட்டு மூடிக் கெட்டிப்படவே இரண்டு, இரண்டரை வயசாகும். முதுகெலும்பு முற்ற இன்னும் சில வருஷம். அந்தியூர்ப் பெரியவர்கள் இரண்டு பல் போடாத குட்டியை ஏர்க்காலுக்கு நடுவில் விட மாட்டோம் என்பார்கள். கைநடை பழக்கி, வெறும் சேணம் போட்டு, அப்புறம் காலி வண்டி, அப்புறம்தான் ஆள். அந்தப் பொறுமைக்குக் கோயில் கட்டலாம். ஓட விடுவதும் அனுமதி வாங்கி, சாலையை அடைத்து, மருத்துவர் நின்று பார்க்கும் பந்தயத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும். லாரி ஓடும் நெடுஞ்சாலையில் விடியற்காலை இருட்டில் குதிரையை விரட்டுவது பந்தயமே அல்ல.

நானும் சாரண்காரரும் சேர்ந்து ஒரு நீள நோட்டு போட்டிருக்கிறோம். பார்த்த குட்டிகள், கேட்ட தாய்கள், நிறம், சுழி, பல், களம், பிரிவு, எத்தனையாவதாக வந்தது, போன் கடிகாரத்தில் நாங்களே எடுத்த நேரம், எல்லாம் அதில் இருக்கிறது. இடப்பக்கம் அவர் இந்தியில் எழுதுவார், வலப்பக்கம் நான் தமிழில். ஒரு தாய்க்கு இரண்டாவது குட்டி வந்து சேரும்போது அந்தப் பக்கம் உயிர் பெற்று எழுந்து நிற்கும் பாருங்கள், அந்த ஆனந்தத்துக்கு இணையே இல்லை. செவலைக் குட்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். தாய், அண்ணன், தகப்பன் மூன்று வரியும் நிரம்பிவிட்டன, நேரத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

ரேக்ளாக் குதிரை வைத்திருக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். குட்டி பிறந்த அன்றே அதற்கு ஒரு பெயர் வையுங்கள். தாய் பெயர், தாய்க்குத் தாய் பெயர், தகப்பன், பிறந்த தேதி நான்கையும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். விற்கும்போது குதிரையோடு அந்த நோட்டையும் கொடுத்துவிடுங்கள். விழாக் கமிட்டிக்காரர்களே, பரிசு வாசிக்கும்போது உரிமையாளர் பெயருக்கு முன்னால் குதிரையின் பெயரை வாசியுங்கள், எல்கையைக் கடந்த நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேப்பர்காரர்கள் கேட்டால் அந்த இரண்டையும் எழுதிக் கொடுங்கள். வருகிற காணும் பொங்கலிலிருந்தே இதை ஆரம்பிக்கலாம்.